வெளுத்ததெல்லாம் ராஜபாளையம்

வாடா பேராண்டி, திண்ணையத் தட்டிட்டு உக்காரு. வெள்ளைப் பேண்ட்டு வேற போட்டு வந்திருக்க. எங்க ஊர்ப் புழுதிக்கு வெள்ளைன்னா ஆசை ஜாஸ்தி. ராஜபாளையம் குட்டி வாங்க மெட்ராஸ்லருந்து வர்றேன்னு உங்க ஆத்தா போன்ல சொன்னா. சந்தோசம். பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையத்துக்கே போகுமே, நீ எதுக்கு ஒரு ஸ்டேசன் முன்னாடி சீவில்லிபுத்தூர்ல குதிச்ச? தாத்தாகிட்ட யோசனை கேக்கவா? பொய். பால்கோவா வாங்க எறங்கிருப்ப. இருக்கட்டும். பால்கோவாவுக்குத்தான் காசு, என் யோசனை சும்மாதான்.

எங்க, அந்தப் படத்தைக் காட்டு. ம். வெள்ளையா இருக்கு. சரி. மூக்கு ரோஸ் நிறம். சரி. அடுத்து? அம்புட்டுதானா? இந்த ரெண்டு பொருத்தத்தைப் பாத்துட்டா ஜிபேல அட்வான்ஸ் அனுப்புன? எலேய், நானும் தோள்லருந்து கணுக்கால் வரைக்கும் வெள்ளைதான் கட்டிருக்கேன். சளி பிடிச்சு மூக்கும் செவந்து கெடக்கு. என்னையும் ஒரு போட்டோ எடுத்து உன் புரோக்கருக்கு அனுப்பு, என்ன வெலை சொல்றான்னு பாப்போம்.

கோவிச்சுக்காத. வெள்ளையும் ரோஸ் மூக்கும் வேண்டாம்னு நான் சொல்லல. இருக்கணும். ஆனா வெள்ளை நாய் உலகத்துல எம்புட்டோ கெடக்கு. அர்ஜென்டினாவுல டோகோன்னு ஒண்ணு இருக்கு. அதுவும் காட்டுப்பன்னி வேட்டைக்குன்னே 1920கள்ல உண்டாக்கத் தொடங்குன நாய்தான். உடம்பு பூரா வெள்ளை, மூக்கு மட்டும் கருப்பு, மண்டை அகலம். அந்த மாதிரி எதையாவது கொண்டாந்து நம்மூர்ப் பொட்டையோட சேத்துவிட்டா, பொறக்குற குட்டி கொழுகொழுன்னு, பளிச்சுன்னு, படத்துல உன் மனசைக் கொள்ளை அடிக்கும். வளந்தப்புறம்தான் கன்னம் தொங்கும், தொண்டைத் தோல் தொளதொளன்னு ஆடும். அப்ப நீ புரோக்கருக்குப் போன் போட்டா, நீங்கள் அழைக்கும் நபர்னு ஒரு பொண்ணு பேசும்.

2005ல தபால் இலாகா நாலு இந்திய நாய்க்குத் தபால்தலை போட்டுச்சு. இமயமலை ஆட்டுக்காவல் நாய், ராம்பூர், முதோல், அப்புறம் நம்ம ராஜபாளையம். அழகான படம். ஆனா தபால்தலையில இருக்கிற நாய் நடக்காது பாரு. உன் போன்ல இருக்கிறதும் நடக்கல. நீ மொதல்ல பாக்க வேண்டியது நடை.

சிரிக்காத. இந்தியக் கென்னல் கிளப், மெட்ராஸ்லதான் ஆபீஸ் வச்சிருக்காங்க, உன் வீட்டுப் பக்கமாக்கூட இருக்கும். அவங்க எழுதி வச்சிருக்கிற ராஜபாளையம் இலக்கணத்துல, இந்த நாயோட நடை சாதிப் பந்தயக் குதிரையோட டிராட் போல இருக்கணும்னு இருக்கு. நாயப் பாக்கணும்னா குதிரையப் பாத்திருக்கணும். நீ எங்க குதிரையப் பாத்த? மெரினாவுல சுண்டல் தின்னுக்கிட்டு நிக்குமே, அதையா? நான் பாத்த குதிரையில பாதி அய்யனார் கோயில்ல மண்ணுல செஞ்சது. அது நாலு காலையும் ஊனிக்கிட்டு நிக்கும், சாதி கேட்டா குயவர்தான் சொல்லணும்.

அசல் குதிரை பாக்கணும்னா ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்ச் சந்தைக்குப் போகணும். மார்வாடியும் கத்தியவாடியும் வரிசையா கட்டிக் கெடக்கும். அங்க வர்ற பழைய ஆளுக மொதல்ல காதைப் பாப்பாங்க. காது நுனி ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு ஒண்ணையொண்ணு எட்டிப் பாத்தா அது ராஜஸ்தான், குஜராத் பக்கத்து ரத்தம்னு ஒரு அனுமானம். அனுமானம்தான், தீர்ப்பு இல்ல. கலப்புக் குதிரைக்கும் அப்பன் காது வந்திருக்கலாமே. அதனால அடுத்தது, ஓட்டிக் காட்டச் சொல்வாங்க. அந்தக் குதிரைகள்ல சிலதுக்கு ரேவால்னு ஒரு நடை உண்டு. வலப்பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் அடுத்தடுத்துப் போகும், பெறகு இடப்பக்கம். மேல உக்காந்திருக்கிறவன் குலுங்க மாட்டான். பழகிக் குடுத்தாலும், உடம்புல அந்த வாகு இருக்கிற குதிரைக்குத்தான் அது படியும். காது கண்ணுக்குத் தெரிஞ்ச சாட்சின்னா, நடை எலும்பு சொல்ற சாட்சி.

இப்ப நாய்க்கு வா. குட்டியோட ஆத்தாளை, குட்டியையில்ல, ஆத்தாளைக் கயித்துல பிடிச்சு ஒரு ஆளு வேகமா நடக்கணும். நீ பக்கவாட்டுல நில்லு. சாதாரண நடையும் இல்லாம ஓட்டமும் இல்லாம நடுவுல ஒரு போக்கு வரும் பாரு, அதான் டிராட். முன்வலதும் பின்இடதும் ஒண்ணா மண்ணைத் தொடும், அப்புறம் முன்இடதும் பின்வலதும். சிமெண்டுத் தரைன்னா கண்ணை மூடிக் கேளு, நகச் சத்தம் ரெண்டு ரெண்டாத்தான் விழணும். முதுகு ஏறி எறங்கி ஆடாம ஒரே மட்டத்துல வரணும். பின்னங்கால் தாராளமா முன்னால எட்டணும். பெறகு பின்னால போய் நின்னு பாரு. கால் நாலும் நேர்கோட்டுல போகுதா, முட்டி ரெண்டும் உள்ள இடிச்சுக்குதான்னு தெரியும். குறுக்கும் நெடுக்கும் காலைப் பின்னிக்கிட்டு, இடுப்பை ஆட்டி ஆட்டி வந்தா, அதைச் சினிமாவுக்குச் சேத்துவிடு, நீ வாங்காத.

ஓட்டம் காட்ட எடம் இருந்தா இன்னும் நல்லது. குதிரை நாலு கால் பாய்ச்சல்ல ஓடும்போது ஒரு சுத்துக்கு ஒரு தடவைதான் நாலு குளம்பும் மண்ணைவிட்டு மேல இருக்கும், கால்களை வயித்துக்கடியில சேத்து மடக்குறப்ப. நம்ம வேட்டை நாய் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை அந்தரத்துல இருக்கும். மடக்குறப்ப ஒரு தடவை, முன்னும் பின்னும் நீட்டுறப்ப ஒரு தடவை. முதுகெலும்பு வில்லா வளைஞ்சு நிமிர்றதால வர்ற வித்தை அது. குதிரையோட முதுகு அப்படி வளையாது. அந்த வளைவுக்குத் தோதா நெஞ்சு ஆழமா முழங்கை மட்டுக்கு எறங்கியிருக்கணும், வயிறு உள்ள ஏறி ஒட்டியிருக்கணும், இடுப்புல லேசா ஒரு கூனு இருக்கணும். வயிறு ஒட்டிக் கெடக்கே, சோறு போடலையான்னு அந்த வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டுறாத. அடுத்த நிமிசம் உன்னை ரோட்டுல விட்டுருவாங்க.

ஆனா ஒண்ணு, ரொம்ப ஒல்லியா, முகம் ஊசியா, கால் குச்சியா இருந்தா உனக்குக் காட்டுறது சிப்பிப்பாறையா இருக்கலாம். அதுவும் நம்ம மாவட்டத்துப் பிள்ளைதான், கொறைச்சல் இல்லாத நாய். முயலைத் தொரத்த ஆன ஒடம்பு அதுக்கு. ராஜபாளையம் பன்னியை மறிக்க ஆன ஒடம்பு. முயலுக்கு வேகம் போதும். பன்னி திரும்பி முட்ட வரும், அதைத் தாங்க எலும்பு வேணும். அதான் ராஜபாளையத்துக்கு எலும்பு தடிச்சிருக்கும், நெஞ்சும் தலையும் கனத்திருக்கும், நல்ல கடுவன் தோள்மட்டத்துல 65லருந்து 75 சென்டிமீட்டர் நிக்கும். சிப்பிப்பாறைன்னா பெரும்பாலும் மங்கின பழுப்பு. அதே வாகுல கருப்பா, கால்ல செம்மை ஓடியிருந்தா அதைக் கன்னிம்பாங்க. செவலையா, மொகவாய் மட்டும் கரி பூசுனாப்புல, தாடை பலமா இருந்தா தேனிப் பக்கத்துக் கோம்பை. இந்த நாலும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரங்க. முன்ன பின்ன கொண்டான் குடுத்தான் இல்லாமலா இருந்திருக்கும்? அதனால மேஸ்திரி நூல் பிடிச்சாப்புல கோடு போட்டு, இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அதுன்னு நீ கறாரா பேசாத. பெரும்பாலும் இதாயிருக்கும்னு சொல்லிப் பழகு. நிச்சயமா அசல்னு சத்தியம் பண்றவனைவிட, பெரும்பாலும்னு சொல்றவன் விசயம் தெரிஞ்சவன்.

அடுத்து, உனக்குப் பிடிச்ச சமாச்சாரம், வெள்ளை. இதைக் கொஞ்சம் காதைக் குடுத்துக் கேளு, விசயமே காதைப் பத்தித்தான். அந்தக் காலத்துல வெள்ளை தவிர வேற நிறத்துல, இல்ல புள்ளி போட்டுக் குட்டி விழுந்தா கழிச்சிருவாங்க. சுத்த வெள்ளைதான் கௌரவம். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் சேத்துச் சேத்து வந்ததுல கூடவே ஒரு கோளாறும் வந்துச்சு, செவிடு. தோலுக்கு நிறம் குடுக்கிற அணு இருக்கே, அது உள்காதுக்குள்ளயும் இருக்கணும். அது அங்க இல்லேன்னா, குட்டி பொறந்த சில வாரத்துக்குள்ள சத்தத்தை வாங்குற நுண்ணிய மயிரணுக்கள் பட்டுப்போகும். பெறகு நீ ஜிம்மின்னு கூப்பிட்டாலும் டேய்ன்னு கூப்பிட்டாலும் ஒண்ணுதான். ஜிம்மின்னு பேர் வைக்காத, அது வேற விசயம்.

அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கு. குட்டிக எல்லாம் ஒண்ணா விளையாடும்போது கை தட்டாத. ஒண்ணு திரும்புனா மத்ததும் அதைப் பாத்துத் திரும்பும், உனக்கு எது கேட்டுத் திரும்புச்சுன்னு தெரியாது. நீ பாத்து வச்சிருக்கிற குட்டியத் தனியா, அசந்து தூங்குறப்பப் பாரு. பின்னால போய் நில்லு. காலைத் தரையில தட்டாத, அதிர்வுல முழிச்சுக்கும். காத்து மேல பட ஊதாத. சாவிக்கொத்தைக் கையில வச்சுச் சின்னதா ஒரு குலுக்கு. காது நுனி லேசா ஒரு துடிப்புத் துடிக்கும், பெறகு கண்ணு தொறக்கும். துடிச்சுதா, கேக்குது. துடிக்கலையா, இன்னொரு தரம் பாரு. இதுலயும் ஒரு ஓட்டை உண்டு. ஒரு காது மட்டும் செவிடா இருக்கிற குட்டி இந்தப் பரீட்சையில பாசாகிரும். அதுக்குப் பெரிய கால்நடை ஆஸ்பத்திரியில மூளைக்குச் சத்தம் போய்ச் சேருதான்னு ஒயர் வச்சுப் பாக்குற சோதனை இருக்கு.

கண்ணையும் பாரு. எந்தக் குட்டிக்கும் கண்ணு தொறந்த புதுசுல நீலம் பாஞ்சுதான் இருக்கும், அதைப் பாத்து அய்யோ வெளிநாட்டு நாய்னு அலறாத. வளர வளர அசல் ராஜபாளையத்துக்குத் தங்க நிறமாவோ, பழுப்பாவோ மாறிரும். பெரிய நாய்க்கும் கண்ணு நீலமாவே நின்னு போச்சுன்னா காதைப் பத்திச் சந்தேகப்படு. உன் புரோக்கர் என்ன சொல்வான் தெரியுமா? நீலக்கண்ணு ரொம்ப அபூர்வம் சார், ரேட்டு கூடும்பான். கோளாறுக்கும் சேத்துக் காசு வாங்குற சாமர்த்தியத்தை நீ எந்தக் காலேஜுல படிச்சாலும் கத்துக்க முடியாது.

மூக்கும் அப்படித்தான். நெறைய சாதியில குட்டி ரோஸ் மூக்கோடதான் பொறக்கும், சில வாரத்துல கருத்துரும். அதனால மூணு வாரக் குட்டியோட ரோஸ் மூக்கு எதுக்கும் அத்தாட்சி இல்ல. ஆத்தாளுக்கு மூக்கு, உதடு, கண்ணு ரெப்பை, வயித்துத் தோல் எல்லாம் ரோஸா இருக்கான்னு பாரு. மயிரை விரலால ஒதுக்கிப் பாத்தா அடியில தோலும் அதே நிறமா இருக்கும். மயிர் குட்டையா, உடம்போட ஒட்டி, நைசா இருக்கணும். தோல் மெலிசு, விரல்ல தூக்குனா வரும். அந்தத் தோலுக்குச் சித்திர வெயில் ஆகாது, அதையும் ஞாபகம் வச்சுக்க. வால் நீளமா எறங்கி நுனியில லேசா ஒரு வளைவு. முதுகு மேல வட்டமாச் சுருண்டு உக்காந்திருந்தா அந்தக் குடும்பத்துல வேற யாரோ புகுந்திருக்காங்க.

இவ்வளவு பாத்தும் ஏமாறலாமா தாத்தான்னா, ஏமாறலாம். உன்னைவிடப் பெரிய ஆளெல்லாம் ஏமாந்திருக்காங்க. அரிமர்த்தன பாண்டியன் மாணிக்கவாசகர்கிட்டக் குதிரை வாங்கிட்டு வாங்கன்னு பொன்னைக் குடுத்தான். அவரு திருப்பெருந்துறையில சாமிக்குச் செலவழிச்சிட்டாரு. கடைசியில சோமசுந்தரரே குதிரை யாவாரியா வேசம் கட்டி, நரிகளையெல்லாம் பரியாக்கி மதுரைக்கு ஓட்டிட்டு வந்தாரு. ராசா, மந்திரி, லாயக்காரன் அத்தனை பேரும் நிறம், நடை, சுழி எல்லாம் பாத்துத் தலையாட்டித்தான் கயித்தை வாங்குனாங்க. ராத்திரி ஆச்சு, அத்தனையும் நரியாகி ஊளையிட்டு, லாயத்துல ஏற்கெனவே நின்ன குதிரைகளையும் கடிச்சுப் போட்டுட்டு ஓடிருச்சு. கடவுள் பண்ணா திருவிளையாடல். உன் புரோக்கர் பண்ணா அது யாவாரம். அதனால நாய் வீட்டுக்குப் பகல்ல ஒரு தரம் போ, சொல்லாம கொள்ளாம சாயங்காலம் இன்னொரு தரம் போ. பகல்ல காட்டுன அதே ஆத்தாதான் சாயங்காலமும் குட்டிக்குப் பால் குடுக்குதான்னு பாரு. அழகான ஒரு பொட்டையைப் பக்கத்து வீட்டுலருந்து கடன் வாங்கி முன்னால கட்டி வைக்கிற கலையும் உலகத்துல உண்டு. பெத்தவளுக்கு மடி எறங்கியிருக்கும், காம்பு சிவந்திருக்கும், குட்டி ஓடி வந்து முட்டும். அதை யாரும் வேசம் கட்ட முடியாது.

தகப்பனை எங்கன்னு கேளு. வெளியூர்ல இருக்குன்னு சொன்னா படமாவது, முடிஞ்சா நடக்கிற வீடியோவாவது கேளு. இதுக்கு முன்ன இதே சோடிக்குப் பொறந்த நாய் யார் வீட்டுல வளருதுன்னு கேட்டுப் போய்ப் பாரு, அதுதான் உன் குட்டியோட நாளைய முகம். கலப்புக்கு ஒரு குணம் உண்டுடா. சிலது மொதத் தலைமுறையில வளந்தப்புறமும் அசல் போலவே நிக்கும். அது குட்டி போடுறப்பத்தான் ஒளிஞ்சுக்கிட்டிருந்த பாட்டன் ஒவ்வொரு குட்டியிலயும் ஒவ்வொரு உறுப்பா எட்டிப் பாப்பான்.

காயிதம் இருக்கு தாத்தான்னு முணங்குற. காயிதம் நல்லதுதான். கென்னல் கிளப்புல பதிஞ்ச நாய்க்குத் தோலுக்கடியில அரிசி அளவு மைக்ரோசிப் வச்சிருப்பாங்க. காயிதத்துல இருக்கிற நம்பரும் நாய்க்குள்ள இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு டாக்டர் கருவி வச்சுப் பாத்துச் சொல்லட்டும். அரியானாவுல கர்னால்னு ஒரு ஊரு, அங்க மத்திய அரசோட கால்நடை மரபு ஆதார நிலையம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் முதோலையும் தனிச் சாதின்னு ஏத்துப் பதிவு பண்ணிருக்கு. ஆனா அது சாதிக்குக் குடுத்த பட்டா, உன் குட்டிக்குக் குடுத்ததில்ல. சுவத்துல அந்தச் சேதித்தாள் துண்டை ஒட்டி வச்சிருக்கிறவன் வீட்டு நாய்க்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கணும்னு அவசியம் இல்ல. இன்னொண்ணு, 2017ல வந்த மத்திய அரசு விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கவே கூடாது, வளக்கிறவனும் பதிவு பண்ணியிருக்கணும். ஒரு மாசக் குட்டியத் தூக்கிட்டுப் போங்க சார், அப்பத்தான் பாசமா இருக்கும்னு சொன்னா, அவனுக்குப் பால்மாவுச் செலவு மிச்சம், அம்புட்டுதான்.

2020 ஆகஸ்டுல பிரதமர் ரேடியோவுல பேசுறப்ப ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேர் சொன்னாரு. இங்க டீக்கடையில ஒரு வாரம் அதே பேச்சு. தியடோர் பாஸ்கரன் அதுக்கு முன்னாடியே நம்ம நாட்டு நாய்களைப் பத்திப் புத்தகமே எழுதியாச்சு, அதை வாங்கிப் படிச்சியா? இல்ல. ரீல்ஸ் பாத்தேன்ற. சரி, அதுவும் கல்விதான்.

வேட்டைக்குக் கூட்டிட்டுப் போலாமான்னு கேட்டுறாத, கேட்டுட்டு என் பேரைச் சொல்லிறாத. 1972லயே காட்டு விலங்குச் சட்டம் வந்தாச்சு. அந்தா தெரியுது பாரு மலை, 2021லருந்து அது சீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். நாயோட உள்ள போனா பன்னிக்கு முன்ன வனத்துறை உன்னை மறிக்கும். அந்த ஒடம்பை அதனால தெனமும் நீதான் ஓட வைக்கணும். வேலி போட்ட தோட்டம் வேணும், காலையும் சாயங்காலமும் ஆள் வேணும். வீட்டு ஆளுக ஒண்ணு ரெண்டு பேர்கிட்டத்தான் ஒட்டும், வர்றவன் போறவன் தொட்டா பொறுக்காது. நீ பாட்டுக்கு லேப்டாப்பத் தொறந்து வச்சு மீட்டிங்னு உக்காந்துட்டா, அது உன் சோபாவுக்குள்ள பன்னி இருக்கான்னு தேட ஆரம்பிக்கும்.

கெளம்பு, அடுத்த பஸ் வருது. அட்வான்ஸ் போனது போகட்டும். மில்லுப் பக்கம் என் கூட்டாளி ஒருத்தன் மூணு தலைமுறையா நாய் வச்சிருக்கான், அட்ரஸ் இந்தச் சீட்டுல இருக்கு. அவன்கிட்ட நீ கேக்குறதவிட அவன் உன்கிட்டக் கேக்குறதுதான் ஜாஸ்தி இருக்கும். சம்பளம் கேப்பான், வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு கேப்பான், எத்தனாவது மாடின்னு கேப்பான். பொய் சொல்லாம மூணாவது மாடின்னு சொல்லு. சொன்னதும் மடியில இருக்கிற குட்டியத் தூக்கிட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டான்னா கோவிச்சுக்காத. அந்தக் குட்டி பெரும்பாலும் அசலாத்தான் இருக்கும்.